ட்யூட்டிக் குரல்

இப்போதும் வீட்டில் தொலைபேசி அடித்தால் முதலில் பேசுவது நானில்லை. என் தொண்டையில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற இன்னொருத்தி பேசுவாள். "வணக்கமுங்க, சொல்லுங்க" என்று அவள் முடித்த பிறகுதான் எனக்கு முறை வரும். எதிர்முனையில் என் மகள் என்றால் சிரிப்பாள். "அம்மா, நாந்தான். எறங்கி வா" என்பாள். எங்கிருந்து இறங்குவது என்பது அவளுக்குத் தெரியாது.

அது சம்பளத்துக்கு வைத்திருந்த குரல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்திருந்தேன். நகரத்தில் அப்போதே ஆபரேட்டர் இல்லாமல் நேரே சுழற்றிப் பேசுகிற எஸ்.டி.டி. வந்துவிட்டது, தெருமுனைக்கு ஒரு பூத் முளைத்துக்கொண்டிருந்தது. ஆனால் பல்லடத்துக்கு அப்பால், தறிச் சத்தத்திலேயே விடிந்து தறிச் சத்தத்திலேயே இருட்டிய பல ஊர்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. அங்கே இருக்கிறவர் சூரத்துக்கோ பம்பாய்க்கோ பேச வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிட்டு, ஊரையும் நம்பரையும் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதா, அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூன்று வகை. காசு கூடினால் காத்திருப்பு குறையும் என்பது நம்பிக்கை. கம்பிகளுக்கு அந்த நம்பிக்கை தெரியாது.

நீளமான கூடம். சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்கத் துளைகள், துளைக்கு ஒரு குட்டி விளக்கு. பலகையைப் பார்த்து வரிசையாக நாங்கள், பின்னலும் கனகாம்பரமுமாக, கூடத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்போம். ஒரு விளக்கு எரிந்தால் அதன் துளையில் கார்டு என்கிற கம்பி வடத்தைச் செருகி, அந்தக் கார்டுக்கு முன்னால் இருக்கிற கீ என்கிற சின்ன விசையைத் தள்ளுவோம். கீ தள்ளியிருக்கும்வரை அவர் பேசுவது எங்களுக்கும், நாங்கள் பேசுவது அவருக்கும் கேட்கும். நிமிர்த்திவிட்டால் நாங்கள் அங்கே இல்லை. அவ்வளவுதான் தொழில். விரல்நுனியில் இருப்பதும் இல்லாமல் போவதும்.

ஒரு விதி மட்டும் எல்லாவற்றையும் விடப் பெரியது. பேசுகிறவர்தான் முதலில் போனை வைக்க வேண்டும். நாங்கள் துண்டிக்கக் கூடாது. என்ன சொன்னாலும் கூடாது. அதனால் எந்த வசவும் பாதியில் நின்றதில்லை. நூல்கண்டு முழுக்கப் பிரிந்து தீரும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

என்னவெல்லாம் கேட்டோம்! "அங்க என்னம்மிணி, பூக்கட்டீட்டு இருக்கறயா?" "சீப்பக் கீழ வெச்சுப்போட்டு லைனப் பாரு." "உங்களுக்கெல்லாம் ஆரு சம்பளம் குடுக்கறது?" எங்கள் பக்கத்துக்காரர்கள் வைதாலும் மரியாதையை விடமாட்டார்கள். ஒரு பெரியவர் வெகு தன்மையாக, "உங்களுக்கு இந்த வேலை எதுக்குங்க, எருமை மேய்க்கலாமில்லீங்க?" என்பார். அந்த 'ங்க' பஞ்சில் சுற்றிய ஊசி. குத்திய பிறகுதான் பஞ்சு தெரியும்.

ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தோம். ஒருத்தி கிராம்பைக் கடிப்பாள். ஒருத்தி காதில் வசவு விழ விழ, மறுநாள் சமையலை மனதுக்குள் செய்து முடிப்பாள். என் இருக்கைக்கு நேரே ஒரு ஜன்னல் இருந்தது, வெளியே வேப்பமரம். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதைப் பிடித்து உலுக்கும். கத்துகிறவரின் சத்தத்துக்குத்தான் அந்த மரம் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வேன். அவர் ஓய்ந்த பிறகும் மரம் ஆடிக்கொண்டிருக்கும். அது எனக்கு ஓர் ஆறுதல். ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

எல்லாருக்கும் பொதுவான வைத்தியம் ட்யூட்டிக் குரல். பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, இழுக்கக் கூடாது. அந்தக் குரலில் வயசு இல்லை. ஊர் இல்லை. காலையில் சண்டை போட்டுவிட்டு வந்த வீடு இல்லை, வீட்டில் காய்ச்சலாய்க் கிடக்கிற குழந்தை இல்லை. ஹெட்செட்டை மாட்டும்போதே அதையும் மாட்டிக்கொள்வோம். மேலே விழுகிற எச்சில் ரெக்ஸின் சீட்டில் விழுந்த மழைபோல வழிந்து போய்விடும். போய்விடும் என்றுதான் நினைத்தோம்.

என் பக்கத்து இருக்கைக்காரி துடியலூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்பாள். அவள் வீட்டுக்காரருக்குச் சிங்காநல்லூரில் மில் வேலை, மில்லுக்குப் பூட்டு விழுந்து அவர் வீட்டில் இருந்தார். அவள் இன்னும் நிரந்தரமாகவில்லை. தகுதிகாண் காலம் முடியும் தறுவாயில் இருந்தாள். சூப்பர்வைசர் மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "ஆர்டர் வர வரைக்கும் உன்ற பேர்ல ஒரு கம்ப்ளைண்ட்டு வரக் கூடாது கண்ணு. ஒண்ணு வந்தாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது." அவள் வேலை போனால் அந்த வீட்டில் அடுப்புக்கு வேறு வழியில்லை என்பது வரிசைக்கே தெரியும்.

அவளிடம் வேறொரு வைத்தியம் இருந்தது. அது எங்கள் எல்லாருக்கும் ஆனது. தேநீர் வேளையில் அன்றைக்கு வாங்கிய வசவுகளையெல்லாம் திருப்பி நடித்துக் காட்டுவாள். எருமை மேய்க்கச் சொன்ன பெரியவர் அவள் மூக்கு வழியாக வருவார். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்வாள். ஆனால் அவள் வாயிலிருந்து வந்ததும் வசவு விஷம் இறங்கி வெறும் சத்தமாகிவிடும். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரும். அந்த நீரில் கொஞ்சம் வேறு நீரும் கலந்திருந்ததை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. சிரித்து முடித்துத்தான் நாங்கள் பஸ் ஏறினோம். எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

அவள் நடிப்பில் எல்லாருக்கும் பிடித்தது பல்லடத்துப் பக்கத்துத் தறிக்காரர். தறிக்கூடத்திலேயே போனை வைத்திருந்தார் போல. விளக்கு எரிந்து கீயைத் தள்ளியதும் முதலில் வருவது தறியின் சத்தம், அதற்கு மேலே அவர். தினமும் சூரத்துக்கு ஒரு கால், தினமும் தாமதம், தினமும் வசவு. துடியலூர்க்காரி நாக்கை மேலண்ணத்தில் தட்டி, டக்டக் டக்டக் என்று தறியை ஓட்டிவிட்டுத்தான் அவரைத் தொடங்குவாள். தறி ஓடத் தொடங்கினாலே கூடம் சிரிக்க ஆரம்பித்துவிடும்.

அன்றைக்குக் காலையிலிருந்தே சூரத் கிடைக்கவில்லை. அவர் மறுபடி மறுபடி கூப்பிட்டுக் கேட்டார். பதிவு செய்கிற காலுக்குத்தான் சீட்டு எழுதுவோம், எழுதியவளின் அடையாளம் அதில் இருக்கும், "எங்க என்ற காலு?" என்று விசாரிப்பதற்குச் சீட்டு கிடையாது. யாருக்கு விளக்கு தெரிகிறதோ அவள் எடுப்பாள். கடைசியாக எடுத்தது அவள்.

"ஏம்புள்ள, சூரத்து என்ன சந்திர மண்டலத்துலயா இருக்குது?"

"லைன் கெடைக்கலீங்க. கெடைச்சதும் குடுக்கறேனுங்க."

"நீ கிழிச்ச. லைனக் குடு, அப்பத்தான் போன வெப்பேன். அது வரைக்கும் வெக்க மாட்டேன், பாத்துக்க."

அவர் வைக்கமாட்டார், நாங்கள் துண்டிக்கக் கூடாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது கீயை நிமிர்த்துவது. அது எங்கள் விரலுக்கே தெரியும். அவள் விரலும் போனது, ஆனால் பக்கத்துக் கார்டின் கீயை நிமிர்த்திவிட்டு வந்துவிட்டது. ஆயிரம் தடவை சரியாகப் போன விரல்.

ஹெட்செட்டோடு என் பக்கம் திரும்பினாள். டக்டக் டக்டக். வரிசை முழுக்கத் தலைகள் திரும்பின.

"ஏம்புள்ள! லைனக் குடுக்கறயா, நானே கம்பியப் புடிச்சுட்டு சூரத்து வரைக்கும் நடக்கட்டுமா?" என்றாள் அவர் குரலில். பிறகு அவரை அப்படியே வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனாள். "ஏ புள்ள, ரசம் சாதா. கொளம்பு அர்ஜெண்ட்டு. காப்பி லைட்னிங்! கொண்டாரயா, இல்ல மேல கம்ப்ளைண்ட் பண்ணட்டுமா?"

அன்றைக்குப் போல என்றும் சிரித்ததில்லை. கிராம்பு கடிப்பவளுக்குக் கிராம்பு புரையேறியது. இவள் நாக்கை ஓயவிட்டுத் தானும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. காதுக் குமிழை அழுத்திக் கேட்டாள். அவள் தறியை நிறுத்திவிட்டாள். ஆனால் தறி நிற்கவில்லை.

"அக்கா..." என்றாள். "கீ தொறந்திருக்குதுக்கா."

என் காதை அவள் குமிழோடு ஒட்டி வைத்தேன். டக்டக் டக்டக். அதற்கு மேல் குரலே இல்லை. அத்தனை நாளில் அவர் பேசாமல் இருந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பிறகு போனை வைக்கிற சத்தம். கத்தாமல், அடிக்காமல், மெதுவாக வைத்தார். அதுதான் பயமாக இருந்தது.

அவர் எழுதிப்போடுவார் என்று காத்திருந்தோம். எழுதவில்லை. ஒரு காலையில் நேரிலேயே வந்துவிட்டார்.

கூடத்தின் பின்பக்கம் கண்ணாடி அறை. அதில் சூப்பர்வைசர் மேடம். நாங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்திருந்ததால் குரல்தான் முதலில் வந்தது. தறியில்லாத அந்தக் குரல் ஏதோ உடுத்தாமல் வந்ததுபோல இருந்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தேன். கார், கடுக்கன், தடித்த மீசை என்று ஒரு மிராசுதாரரை நாங்கள் மனதுக்குள் கட்டி வைத்திருந்தோம். வந்திருந்தவர் ஒல்லியான மனிதர். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கசங்கல் சட்டையில். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி, தட்டிவிட மறந்ததுபோல.

"வையறதுன்னா மூஞ்சிக்கு நேரா வையட்டுமுங்க மேடம், வாங்கிக்கறேன். கூட்டஞ் சேந்துட்டுச் சிரிக்கறதா? நான் என்ன கூத்தாடிங்களா? தறி ஓடறப்ப மெதுவாப் பேசுனா எனக்கே கேக்காதுங்க. அதுக்குத்தான் கத்தறேன். அது உங்குளுக்குச் சிரிப்பா?"

மேடம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. தறிக்காரர் மறுபடி:

"காப்பி லைட்னிங்காமா! நான் காப்பியே குடிக்கறதில்லீங்க!"

வேறொரு நாளாக இருந்தால் அதற்கே கூடம் சிரித்திருக்கும். ஒரு மூச்சுக்கூட எழவில்லை.

மேடம் வெளியே வந்து, வரிசையின் பின்னால் நின்று, "அன்னைக்கு ஆரு?" என்று கேட்டார். யாரும் திரும்பவில்லை. விளக்குகள் எரிந்தன, கார்டுகளைச் செருகினோம், வணக்கமுங்க, சொல்லுங்க. எனக்குப் பக்கத்தில் அவள் கார்டு செருகுகிற கை மட்டும் துளையைத் தேடித் தேடித் தடவியது.

"அவிய சொல்ல மாட்டாங்க," என்றார் அவர் உள்ளே இருந்து. "சொல்ல வேண்டாமுங்க. ஒவ்வொருத்தரையாப் பேசச் சொல்லுங்க. நான் கண்டுபிடிச்சுக்கறேன். ரெண்டு வருசமாத் தெனமும் பேசீட்டு இருக்கறனில்லீங்க? கொரலு கூடவா தெரியாது?"

மேடம் யோசித்தார். அப்புறம் ஒத்துக்கொண்டார். அவரைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, போனை அவர் கையில் கொடுத்து, எங்கள் பலகையிலிருந்து அதற்கு லைன் போடச் செய்தார். "மொகத்தப் பாத்து முடிவு பண்ணக் கூடாதுங்க. கொரல மட்டும் கேளுங்க."

"மொகம் எனக்கு எதுக்குங்க?"

இப்படித்தான் அது நடந்தது. மேடம் வரிசையில் நடந்து, முன்னும் பின்னுமாக, யார் தோளைத் தொடுகிறாரோ அவள் பேச வேண்டும். தினம் சொல்வதையே சொல்ல வேண்டும். முதல் தோள்: "ட்ரங்க் புக்கிங். வணக்கமுங்க, சொல்லுங்க." அவருடைய பதில் ஒரு காதுக்குக் குமிழிலும் இன்னொரு காதுக்குக் கண்ணாடி அறையிலிருந்தும் வந்தது. "ம்கூம். அடுத்தது." கிராம்பு கடிப்பவள். "இதில்ல." என் தோளில் கை விழுந்தது. என் குரலை நானே அந்நியமாகக் கேட்டேன். "இதா... பொறுங்க... இல்ல. அடுத்தது."

அடுத்த தோள் அவளுடையது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வீடு, பூட்டிய மில், அடுப்பு, எல்லாவற்றையும் அந்த மூன்று நான்கு சொற்களின் மேல் வைத்துத் தூக்குகிறவள்போலப் பேசினாள். ஏறவில்லை, இறங்கவில்லை, இழுக்கவில்லை. "ட்ரங்க் புக்கிங். வணக்கமுங்க, சொல்லுங்க."

"இதில்ல," என்றார். யோசிக்கக்கூட இல்லை. "அடுத்தது."

வரிசை முடிந்தது. அவர் திணறினார். இன்னொரு சுற்று வேண்டுமென்றார். பிறகு, "பேசச் சொன்னா எல்லாம் ஒரே மாதிரிப் பேசறாங்க. சிரிக்கச் சொல்லுங்க மேடம். அந்தச் சிரிப்பு எனக்கு நெனப்பிருக்குது" என்றார்.

கூடத்தில் காற்று நின்றதுபோல இருந்தது. ஜன்னலில் மரம் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"சிரிக்கச் சொல்லி என்னால ஆர்டர் போட முடியாதுங்க," என்றார் மேடம். அவர் குரலும் ஏறவில்லை. "இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்கறாங்க. அதையுங் கேட்டுருங்க."

சொல்லிவிட்டு வரிசையின் ஓரத்தில் காலியாக இருந்த இருக்கையில் தானே உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்து, ஹெட்செட்டை மாட்டினார். எத்தனையோ வருடங்களுக்கு முன்னால் கழற்றிய குரல் அவருக்கு அப்படியே பொருந்தியது.

"ட்ரங்க் புக்கிங். வணக்கமுங்க, சொல்லுங்க."

"இவதான்!" நாற்காலி உருள்கிற சத்தம். "இவளேதானுங்க! சத்தியம் பண்ணுவேன்!"

மேடம் ஹெட்செட்டைக் கழற்றினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நடந்து போய் அறை வாசலில் நின்றார். "நாந்தாங்க பேசுனேன்."

தறிக்காரர் கையிலிருந்த போனை வைத்தார். பிறகு சின்னதாக, "அன்னைக்கும்... நீங்களா?" என்றார்.

"அன்னைக்கு நான் லீவுங்க."

போகும்போது எங்கள் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். முதுகில் தெரிந்தது. வரிசையாக எங்கள் பின்னல்கள், கனகாம்பரங்கள், ஹெட்செட்டின் வளைவுகள். "ஒரே அச்சுல வாத்தாப்பல இருக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் தரையில் ஒரு துளிப் பஞ்சு, மின்விசிறிக் காற்றில் எழும்புவதும் உட்காருவதுமாக.

பிழைத்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டோம். தேநீர் வேளையில் ஒருத்தி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுதாள். பயம் இறங்குகிற அழுகை என்று விட்டுவிட்டோம். எல்லாரும் போன பிறகு என்னிடம் கேட்டாள்:

"ரெண்டு வருசமாத் தெனமும் வஞ்சானேக்கா. ஆருன்னு நெனச்சு வஞ்சான்?"

அவள் வேலையைக் காப்பாற்றியது எதுவோ அதுதான் அவளை அழவைத்தது. அத்தனை வசவும் அவள்மேல் விழவில்லை என்று ஆனது. அத்தனை வசவுக்கும் நடுவில் அவள் அங்கே இருக்கவே இல்லை என்றும் ஆனது. எது நல்லது? நான் இத்தனை வயசுக்குப் பிறகும் இந்தக் கேள்வியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருக்கிறேன், சூடான டம்ளரைப்போல.

அடுத்த வாரம் தறிக்காரரின் விளக்கு எரிந்தது. அதை வரிசையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கையை நீட்டவில்லை. அவளே எடுத்தாள். நான் அவள் பக்கமாகச் சாய்ந்து குமிழில் காதை வைத்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது.

"சூரத்து. அர்ஜெண்ட்டு."

"சரிங்க. நம்பர் சொல்லுங்க."

சொன்னார். போனை வைக்கவில்லை. அப்புறம், எப்போதையும் விடக் கொஞ்சம் தணிந்து, "ஏம்புள்ள, அன்னைக்குச் சிரிச்சவளக் கண்டுபிடிச்சாங்களா?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "இல்லீங்க."

"கண்டுபிடிச்சா மேடத்துகிட்டச் சொல்லு. வேலைய உட்டெல்லாம் எடுக்க வேண்டாம். அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனாப் போதும். சொல்லீருவயா?"

அவள் உதடு திறந்தது. அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனியில் வந்து நிற்பதை நான் பார்த்தேன். துடியலூர் வீட்டில் அவள் பேசுகிற குரலில், ஏற்ற இறக்கத்தோடு, வந்து நின்றது. நிரந்தர ஆணை இன்னும் வரவில்லை. கீ திறந்திருந்தது. பேசினால் கேட்கும்.

"சொல்லீர்றேனுங்க," என்றாள் ட்யூட்டிக் குரலில்.

அவர் போனை வைத்தார். அவள் கீயை நிமிர்த்தினாள். நிமிர்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் தொட்டாள்.

ஆணை வந்தது. அவள் அதே இருக்கையில் நிரந்தரமானாள். பிறகு அந்த ஊர்களுக்கும் எஸ்.டி.டி. போனது, பலகையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியாமல் போயின, அவர் சூரத்தைத் தானே சுழற்றிக்கொண்டார், எங்களில் யாரிடமும் பேச வேண்டியிராமல். அதுவரைக்கும் தினமும் கூப்பிட்டார், தினமும் வைதார், முன்னைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுபடி அவர் அதைக் கேட்கவேயில்லை.

அன்றையிலிருந்து அவள் யாரையும் நடித்துக் காட்டவில்லை, தேநீர் வேளைகள் நீளமாகிப்போயின. வாங்கியதை எல்லாரும் அவரவர் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனோம். என் வீட்டில் யார் என்ன கேட்டாலும் நான் சுள்ளென்று விழுந்தது அந்த மாதங்களில்தான். ஒருநாள் தாங்க முடியாமல் நானே கேட்டேன்: "கீயெல்லாம் நிமுத்தியாச்சு. ஆருக்கும் கேக்காது. ஒரு வாட்டி தறிக்காரரப் பண்ணிக் காட்டு கண்ணு."

அவள் எனக்காக முயன்றாள். நாக்கை மேலண்ணத்தில் வைத்தாள். ஒரு டக், இன்னொரு டக். வரிசையில் தலைகள் ஆசையோடு திரும்பின. வாயைத் திறந்தாள். "ஏம்புள்ள" என்று வந்தது. ஏறாமல், இறங்காமல், இழுக்காமல் வந்தது.

மூடிக்கொண்டாள்.

"அவரு கொரலு எனக்கு வர மாட்டீங்குதுக்கா," என்றாள்.